31-ஆம் தேதி பொருள் வாங்கியவருக்குப் பிப்ரவரித் தவணை என்றைக்கு? எக்செலில் மாதம் கூட்டுவது, கழிப்பது

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் தவணைக்கு வீட்டுச் சாமான் கொடுக்கும் கடையில் நீங்கள் கணக்குப் பார்க்கிறீர்கள். நோட்டில் இருந்ததை எக்செலுக்கு மாற்றுகிறீர்கள். பொருள் கொடுத்த தேதியோடு 30 கூட்டினால் முதல் தவணை, அதோடு 30 கூட்டினால் இரண்டாவது என்று போட்டதில் தேதிகள் நழுவுகின்றன. யாரோ ஈடேட் ஃபங்ஷனைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதைப் போட்டால், மாதக் கடைசியில் வாங்கியவர்களுக்குப் பிப்ரவரி தாண்டியதும் 28-ஆம் தேதியிலேயே ஒட்டிக்கொள்கிறது. எது சரி, மாதத்தைக் கழிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபங்ஷன் பெயர், செல் பெயர் எல்லாவற்றையும் இங்கே தமிழில் எழுதுகிறேன். ஷீட்டில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ஈடேட் என்பது ஈ, டி, ஏ, டி, ஈ. இஓமந்த் என்பது ஈ, ஓ, எம், ஓ, என், டி, ஹெச். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் மூன்றிலும் இதே பெயர்கள்தான்.

முதலில் 30 கூட்டுவதை விட்டுவிடுங்கள். 31-01-2025 அன்று ஒருவர் பீரோ வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். முப்பது முப்பதாகக் கூட்டினால் 02-03-2025, 01-04-2025, 01-05-2025, 31-05-2025 என்று போகும். பிப்ரவரியில் தவணையே இல்லை, மே மாதத்தில் இரண்டு தவணை. சம்பளம் வாங்கித் தவணை கட்டுகிறவர் மே 1-ஆம் தேதி ஒன்று கட்டிவிட்டு, 31-ஆம் தேதி மறுபடி வந்து நின்றால் சண்டைக்குத்தான் வருவார். பன்னிரண்டாவது தவணை 26-01-2026-இல் விழும், வருடம் முடிய ஐந்து நாள் இருக்கும்போதே. மாதம் என்று பேசியிருந்தால் மாதத்தைத்தான் கூட்ட வேண்டும்.

அதற்குத்தான் ஈடேட். முதலில் தொடக்கத் தேதி, அடுத்து எத்தனை மாதம்:

=ஈடேட்(ஏ2, 1)

ஏ2-வில் 15-01-2025 இருந்தால் 15-02-2025 வரும். 31-01-2025 இருந்தால், பிப்ரவரியில் 31 கிடையாது என்பதால், அந்த மாதத்தின் கடைசி நாளான 28-02-2025 வரும். லீப் வருடமாக இருந்தால் 29. இதற்கு மேல் ஈடேட்டில் ரகசியம் எதுவும் இல்லை. போட்டவுடன் செல்லில் தேதிக்குப் பதில் 45716 என்று ஒரு எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம். எக்செல் தேதியை நாள் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது, 28-02-2025-இன் எண் அது. செல்லின் ஃபார்மேட்டைத் தேதிக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

இப்போது 28-இல் ஒட்டிக்கொள்ளும் விஷயத்துக்கு வருகிறேன். கோளாறு ஈடேட்டில் இல்லை, அதை நீங்கள் இழுத்துவிட்ட விதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் "மேல் வரியோடு ஒரு மாதம்" என்று போட்டிருப்பீர்கள். முதல் வரி 31-01, அடுத்தது 28-02. மூன்றாவது வரி கணக்குப் போடும்போது அதன் கண்ணுக்குத் தெரிவது 28-02 மட்டும்தான். இந்த 28 ஒரு காலத்தில் 31-ஆக இருந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதனால் 28-03, 28-04 என்றே கடைசி வரை போகும்.

எப்போதும் முதல் தேதியிலிருந்தே எண்ணுங்கள். ஏ2-வில் பொருள் கொடுத்த தேதி, பி பத்தியில் தவணை எண் 1, 2, 3 என்று 12 வரை, சி பத்தியில்:

=ஈடேட்($ஏ$2, பி2)

டாலர் குறி போட்டால் கீழே இழுத்தாலும் ஏ2 நகராது. இப்போது 28-02, 31-03, 30-04, 31-05, 30-06 என்று வரும். பிப்ரவரியில் குறுகிய தேதி மார்ச்சில் தானாக நிமிர்ந்துவிடும். 29-02-2024 அன்று தொடங்கிய கணக்கும் இப்படித்தான். வருடா வருடம் முந்தைய வரியோடு 12 மாதம் கூட்டினால் 2025-இல் 28-க்கு இறங்கியது 2028 லீப் வருடத்திலும் 28-தான். முதல் தேதியோடு 48 மாதம் கூட்டினால் 29-02-2028 சரியாக வரும்.

தவணை எண்ணுக்குத் தனிப் பத்தி வைக்க இடமில்லை என்றால், புதிய எக்செலில் =ஈடேட்(ஏ2, சீக்வன்ஸ்(12)) என்று ஒரே செல்லில் போட்டால் பன்னிரண்டு தேதியும் கீழே இறங்கிவிடும். கூகுள் ஷீட்ஸில் இதையே அர்ரேஃபார்முலாவுக்குள் வைக்க வேண்டும். ஆனால் கடைக் கணக்குக்கு எண் பத்தி இருப்பதே நல்லது என்பேன். "ஏழாவது தவணை வந்ததா?" என்று முதலாளி கேட்டால் விரல் வைத்துக் காட்டலாம்.

இன்னொரு வழியையும் சிலர் சொல்வார்கள்: =டேட்(இயர்(ஏ2), மந்த்(ஏ2)+1, டே(ஏ2)). வருடம், மாதம், நாள் மூன்றையும் பிரித்து, மாதத்தில் ஒன்று கூட்டி, மறுபடி சேர்ப்பது. 28-ஆம் தேதி வரை இதுவும் ஈடேட்டும் ஒரே விடைதான் தரும். 31-01-2025-க்குப் போட்டால் இது "2025 பிப்ரவரி 31" என்று எடுத்துக்கொண்டு, மிச்ச மூன்று நாளை மார்ச்சில் தள்ளி 03-03-2025 என்று காட்டும். தவணைக் கணக்குக்கு இது உதவாது. ஆனால் இதற்கும் ஓர் இடம் உண்டு. வாடிக்கையாளர் எந்தத் தேதியில் பொருள் எடுத்தாலும் "மாசா மாசம் 30-ஆம் தேதி கட்டுகிறேன்" என்று பேசிவிட்டுப் போகிறார், முதல் தவணையே பிப்ரவரியில் வருகிறது என்று வையுங்கள். ஈடேட்டுக்கு 28-02-ஐத் தொடக்கமாகக் கொடுத்தால் 30 என்பது தொலைந்துபோகும். அப்போது ஏ2-வில் முதல் தவணை மாதத்தின் 1-ஆம் தேதி, டி2-வில் பேசிய நாள் 30, பி பத்தியில் 0-விலிருந்து எண் என்று வைத்து:

=மின்(டேட்(இயர்($ஏ$2), மந்த்($ஏ$2)+பி2, $டி$2), இஓமந்த்($ஏ$2, பி2))

மின் என்பது இரண்டில் சிறியதை எடுக்கும். பிப்ரவரியில் டேட் வழிந்து மார்ச் 2-க்குப் போனாலும், இஓமந்த் தரும் 28 சிறியது என்பதால் அதுவே வரும். மார்ச்சில் 30 வரும்.

இஓமந்த் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது எப்போதும் மாதக் கடைசி நாளைத் தரும். =இஓமந்த்(ஏ2, 0) என்றால் இந்த மாதக் கடைசி, 1 என்றால் அடுத்த மாதக் கடைசி, -1 என்றால் போன மாதக் கடைசி; அதோடு 1 கூட்டினால் இந்த மாதம் முதல் தேதி. பேச்சு "மாதக் கடைசியில்" என்று இருந்தால் ஈடேட்டைத் தொடாதீர்கள். 30-04-இல் தொடங்கி ஈடேட் போட்டால் 30-05 வரும், 31-05 வராது. 30-04 மாதக் கடைசியா, வெறும் முப்பதாம் தேதியா என்பது பேசிய ஆளுக்குத்தான் தெரியும், ஃபார்முலாவுக்குத் தெரியாது. அதை அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த "நாள் இல்லாவிட்டால் மாதக் கடைசி" என்ற விதியை மைக்ரோசாஃப்ட்காரர்கள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். நம் நாட்டுச் செலாவணி முறி ஆவணங்கள் சட்டம் (காசோலை, பிராமிசரி நோட்டு பற்றியது), 1881-இல் வந்தது, 23-ஆம் பிரிவில் இதையே சொல்கிறது. அதிலுள்ள எடுத்துக்காட்டு ஒன்றில் 31-08-1878 தேதியிட்ட பிராமிசரி நோட்டுக்கு மூன்று மாதக் கெடு. நவம்பரில் 31 இல்லாததால் 30-ஆம் தேதி, அதன்மேல் மூன்று சலுகை நாள், ஆக 03-12-1878. அதே விதிதான். (எக்செலில் சோதித்துப் பார்க்க முடியாது. அதற்கு உலகம் 1900-இல்தான் தொடங்குகிறது. அந்த 1900-க்கும் பிப்ரவரி 29 என்று இல்லாத நாள் ஒன்றை வைத்திருக்கிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளின் பிழை அது. கணக்குகள் ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்தே வைத்துக்கொண்டார்கள்.)

மாதமும் 30 நாளும் ஒன்றில்லை என்பது கோர்ட்டிலும் அடிபட்ட விஷயம். பொது உட்கூறுகள் சட்டம், 1897 மாதம் என்றால் ஆங்கிலக் காலண்டர் மாதம் என்கிறது. நடுவர் தீர்ப்பை எதிர்த்து மனுப்போட இருக்கும் "மூன்று மாதம்" 90 நாள் அல்ல என்று ஹிமாசலப் பிரதேச அரசு சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. நேர்மாறாக, சட்டமே நாளில் பேசினால் நீங்களும் நாளில்தான் எண்ண வேண்டும். சிறு தொழில்காரரிடம் சரக்கு எடுத்தால் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்பது 2006-ஆம் வருடச் சட்டம். அதற்கு =ஏ2+45 போதும்; ஒன்றரை மாதம் என்று ஈடேட்டில் 1.5 போட்டால் அது புள்ளிக்குப் பின்னால் உள்ளதைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு மாதம்தான் கூட்டும். காசோலை மூன்று மாதம் செல்லும் என்பது மாதக் கணக்கு; =ஈடேட்(ஏ2, 3).

கழிப்பதற்குத் தனி ஃபங்ஷன் கிடையாது. மாத எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் போதும். மதுரையிலிருந்து சிங்கப்பூர், துபாய் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று டிராவல்ஸ்காரர்கள் பார்ப்பார்கள்; முடியும் தேதி ஏ2-வில் இருந்தால் =ஈடேட்(ஏ2, -6). வாரன்டி முடிய ஒரு மாதம் முன்பு போன் செய்ய வேண்டுமா, -1. ஒரே ஓர் எச்சரிக்கை: போய்த் திரும்பினால் கிளம்பிய இடத்துக்கே வருவோம் என்று நம்பாதீர்கள். 31-03-2025-இல் ஒரு மாதம் கழித்தால் 28-02-2025. அதோடு ஒரு மாதம் கூட்டினால் 28-03-2025. மூன்று நாள் காணாமல் போய்விடும்.

வரிசையும் முக்கியம். நம் ஊரில் வீட்டு வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போடுவது வழக்கம். 01-03-2025-இல் தொடங்கினால் 31-01-2026-இல் முடிய வேண்டும். =ஈடேட்(ஏ2, 11)-1 என்று போட்டால் முதலில் 01-02-2026, அதில் ஒரு நாள் கழித்து 31-01-2026, சரி. அந்த -1-ஐ உள்ளே தள்ளி =ஈடேட்(ஏ2-1, 11) என்று போட்டால்? முதலில் 28-02-2025 ஆகி, 11 மாதம் போய் 28-01-2026-இல் நிற்கும். குடியிருப்பவருக்கு மூன்று நாள் குறைந்துபோகும். மாதத்தை முதலில், நாளைக் கடைசியில்.

இதே விதியை அரசு ஊழியர் ஓய்வுத் தேதியில் அழகாகப் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டில் 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. 1-ஆம் தேதி பிறந்தவருக்கு மட்டும் அதற்கு முந்தைய மாதக் கடைசி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரி:

=இஓமந்த்(ஈடேட்(ஏ2, 720)-1, 0)

720 என்பது 60 வருடத்தின் மாதங்கள். அறுபது முடிந்த நாளுக்கு முந்தைய நாளை எடுத்து, அது இருக்கும் மாதக் கடைசிக்குப் போகிறது. 1-ஆம் தேதிக்காரருக்கு அந்த முந்தைய நாள் தானாகவே போன மாதத்தில் விழுந்துவிடும். இஃப் போட்டு நீட்டத் தேவையில்லை.

ஞாயிறு, விடுமுறை வந்தால் என்ன செய்வது என்றும் நாளைக்குக் கேட்பீர்கள். நம் பீரோக்காரரின் ஏழாவது தவணை 31-08-2025, ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு என்றால் டி பத்தியில்:

=ஒர்க்டே.இன்ட்டல்(சி2-1, 1, 11, $எச்$2:$எச்$20)

புள்ளிக்குப் பின் ஐ, என், டி, எல் என்று தட்ட வேண்டும். 11 என்பது "ஞாயிறு மட்டும் விடுமுறை" என்பதற்கான எண். எச் பத்தியில் விடுமுறைப் பட்டியல். தவணைத் தேதி வேலை நாளாக இருந்தால் அதுவே வரும், இல்லாவிட்டால் அடுத்த வேலை நாள். நம் உதாரணத்தில் 01-09-2025. ஆனால் இந்த டி பத்தியிலிருந்து அடுத்த மாதத்தை எண்ணிவிடாதீர்கள். சி பத்தி சி பத்தியாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் 01-10, 01-11 என்று பழைய நழுவல் மறுபடி ஆரம்பிக்கும். அடுத்த நாளுக்குத் தள்ளுவதா, முந்தைய நாளுக்கு இழுப்பதா என்பதும் பேச்சைப் பொறுத்தது. கோர்ட்டில், அலுவலகத்தில் செய்ய வேண்டியதற்குச் சட்டம் அடுத்த வேலை நாள் தருகிறது. பிராமிசரி நோட்டு விடுமுறையில் முதிர்ந்தால் முந்தைய வேலை நாள் என்கிறது. கடைத் தவணைக்கு அடுத்த நாள்தான் நியாயம் என்பது என் கருத்து.

விடுமுறைப் பட்டியலை எழுதும்போது போன வருடப் பட்டியலோடு 12 மாதம் கூட்டிவிடலாம் என்று தோன்றும். பொங்கல் ஓரளவு தப்பிக்கும், சித்திரைத் திருவிழா தப்பிக்காது. அழகர் 2024-இல் ஏப்ரல் 23-ஆம் தேதி ஆற்றில் இறங்கினார், 2025-இல் மே 12. பௌர்ணமியை ஒட்டி வருவதற்கு ஈடேட் என்ன செய்யும்? அன்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவதும் வழக்கம். அதனால் அந்த நாளைக் காலண்டர் பார்த்துக் கையால் போட்டுவிடுங்கள். தமிழ் மாதத்துக்கும் இதுதான் பதில். ஆடி, ஆவணி, சித்திரை, மாசி என்று வீதிக்கு வீதி மாதப் பெயர் வைத்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு சொல்ல வருத்தம்தான், ஆனால் 29-லிருந்து 32 நாள் வரை மாறும் தமிழ் மாதத்தைக் கூட்ட எக்செலில் ஃபங்ஷன் இல்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒரு பட்டியல் தட்டி வைத்துக்கொண்டு அதில் தேடுவதுதான் வழி.

இன்றைக்கு எத்தனை தவணை கட்டியிருக்க வேண்டும் என்று பார்க்க டேட்டிஃப் என்ற ஃபங்ஷனைச் சிலர் சொல்வார்கள். எக்செலில் அதன் பெயரைத் தட்டினால் உதவிப் பட்டியலில் வராது, ஆனால் வேலை செய்யும். தவணைக்கு அதை நம்ப வேண்டாம். 31-01-2025-க்கும் 28-02-2025-க்கும் நடுவே அது முழு மாதம் பூஜ்யம் என்கிறது; ஈடேட்டோ 28-ஆம் தேதியே முதல் தவணை என்கிறது. ஒரே ஷீட்டில் இரண்டும் இருந்தால் பாக்கிப் பட்டியல் பொய் சொல்லும். நேராகத் தவணைத் தேதிகளையே எண்ணுங்கள்:

=கவுன்ட்இஃப்(சி2:சி13, "<="&டுடே())

கடைசியாக, ஃபார்முலா எல்லாம் சரியாக இருந்தும் விடை கோணலாக வந்தால், தேதி உண்மையிலேயே தேதியா என்று பாருங்கள். நம்மவர்கள் 31.1.2025 என்று புள்ளி வைத்துத்தான் எழுதுவோம். நம் ஊர் கணினிகளில் பெரும்பாலும் எக்செல் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். தேதி என்றால் செல்லில் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து என்றால் இடப்பக்கம். இதைவிட மோசம், கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 05-03-2025 என்று நீங்கள் தட்டும் மார்ச் 5 சத்தமில்லாமல் மே 3 ஆகிவிடும். 13-ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை உள்ளவை மட்டும் எழுத்தாக நின்று காட்டிக்கொடுக்கும். ஒரு பத்தியில் பாதி இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் ஒட்டியிருந்தால் நோய் அதுதான். விண்டோஸில் ரீஜனை இந்தியாவுக்கு மாற்றுங்கள். கூகுள் ஷீட்ஸ் என்றால் ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் லொகேலை இந்தியா ஆக்குங்கள். ஏற்கெனவே மே 3 ஆகிவிட்டவை இதனால் திரும்பி வராது, அவற்றை நோட்டைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். எழுத்தாக நிற்பவற்றை எக்செலில் டேட்டா மெனுவின் டெக்ஸ்ட் டு காலம்ஸ் மூலம், கடைசிக் கட்டத்தில் நாள்-மாதம்-வருடம் வரிசையைத் தேர்ந்தெடுத்து, ஒரே தடவையில் மாற்றிவிடலாம். பிறகு தேதி போடாத வெற்றுச் செல்களையும் ஒரு பார்வை பாருங்கள். காலிச் செல்லோடு ஒரு மாதம் கூட்டினால் 1900 ஜனவரித் தேதி வந்து நிற்கும், அந்த ஆளின் பெயர் பாக்கிப் பட்டியலில் முதலில் ஏறிவிடும். =இஃப்(ஏ2="", "", ஈடேட்(ஏ2, பி2)) என்று போட்டால் அந்தத் தொல்லை இல்லை.